குழாயில் மூன்று தட்டு

அன்புள்ள சுந்தருக்கு,

முதலில் நல்ல சேதிகளை எழுதிவிடுகிறேன், பாதி உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும். உன் பெண் அனன்யா பொருளாதாரப் பரீட்சையில் காலேஜிலேயே இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவதாக வந்த பெண் இரண்டு இடத்தில் டியூஷன் போகிறவள், ஆகையால் என்னைக் கேட்டால் அனன்யாதான் முதல். உன் பிள்ளை கார்த்திக் நீச்சலில் வெள்ளி மெடல் வாங்கிவிட்டான். வாளித் தண்ணீரைத் தலையில் விட்டாலே வீடு அதிர அழுத பிள்ளை அவன். உன் அக்கா பெண் ஸ்ருதி ரயில்வே பரீட்சை பாஸ் பண்ணி, ஹவுராவில் தனக்கென்று மேஜையும் பெயர்ப்பலகையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் தம்பி நிகில் பாட்டுப் போட்டியில் கோப்பை வாங்கினான். வங்காள மொழியில் அவ்வளவு அழுத்தம் திருத்தமாகப் பாடுகிறவனுக்குத் தமிழில் "பாட்டி, இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்கத்தான் நாக்கு புரளமாட்டேன் என்கிறது. இதையெல்லாம் காய்கறிக்காரர், பேப்பர் போடுகிறவர், பல் டாக்டர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொன்னேன். இந்தக் கட்டடத்தில் மாடி வீட்டிலும் கீழ் வீட்டிலும் மட்டும்தான் சொல்லவில்லை. பத்து நாளாக இங்கே யாரும் யாரோடும் பேசாமல் இருந்தோம். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

ஒரே ஊருக்குள் டாக்குரியாவிலிருந்து நியூ டவுனுக்குக் கடிதமா, ஒரு போன் பண்ணினால் போதாதா என்று உனக்குத் தோன்றும். போனில் நான் ஆரம்பிப்பதற்குள் நீ "சரிம்மா, மீட்டிங்" என்கிறாய். தவிர, அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்தவளுக்கு வாயால் சொன்னால் கோபமும் அழுகையும் முன்னே வந்து நிற்கும். எழுதும்போது பேனா மெதுவாகத்தான் போகும், அதனால் யோசிக்கவும் முடிகிறது. நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை படி.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்த ஆளை நீ கூட்டிக்கொண்டு வந்தாய். வீட்டுக்காரரிடம் இந்தக் கட்டடத்தை வாங்கி, இடித்து, ஐந்து மாடி கட்டப்போகிற புரமோட்டரின் ஆள். சந்தேஷ் இனிப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். இங்கே குடியிருக்கிற மூன்று குடும்பத்தில் எது முதலில் கையெழுத்துப் போடுகிறதோ, அதற்குப் புதுக் கட்டடத்தில் இரண்டாம் மாடி, தெற்குப் பார்த்த வீடு, பால்கனி, வாசலிலேயே லிஃப்ட். கடைசியில் போடுகிறவர்களுக்கு மிச்சம் இருப்பது, அது கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கமாகவும் இருக்கலாம் என்றார். அவர் போனபிறகு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இதுல யோசிக்க ஒண்ணுமே இல்லை. அவா போடறதுக்கு முன்னாடி நாம போட்டுடணும். மாடியிலயும் கீழயும் மூச்சு விடாதே" என்றாய். என் முழங்காலை நினைத்துத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். போட்டுவைக்கிறேன் என்று நானும் தலையாட்டினேன். காகிதத்தை மளிகை டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன். கீழ் வீட்டு சாஹா பாபுவின் மாப்பிள்ளை ஒரு ஃபைலோடு வந்து போனார். வருஷத்துக்கு ஒரு முறை பூஜைக்கு வருகிற மனிதருக்கு இப்போது என்ன வேலை? மாடி வீட்டு மித்ரா பௌதி, வாய் நிறைய அண்ணி என்று நான் கூப்பிடுகிறவள், படியில் என்னைப் பார்த்ததும் கொடியில் துணியே இல்லாத மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாள். நாற்பது வருஷமாகத் தெரிந்த முகங்கள்தான். ஆனால் அவர்கள் ஏற்கனவே போட்டுவிட்டார்களோ, நான்தான் கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் புகையைக் குடித்துக்கொண்டு கிடக்கப்போகிறேனோ என்று ராத்திரியில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். உன்னிடம் சொன்னால் "அதுக்குத்தான் சொன்னேன், சீக்கிரம் போடு" என்பாய். அவர்கள் வீட்டிலும் அவரவர் பிள்ளைகள் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு உறைக்கப் பத்து நாள் ஆயிற்று.

நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயம் இந்த வீட்டில் தண்ணீருக்காக நடந்த சண்டை உனக்கு நினைவிருக்காது. முற்றத்துத் தரைத்தொட்டிக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர் காலையில் வரும். அதிலிருந்து மேலே ஏற்ற மூன்று வீட்டுக்கும் தனித்தனி மோட்டார். யார் முதலில் போட்டார்களோ அவர்கள் தொட்டியை வழித்துக்கொண்டு போய்விடுவார்கள். சாஹா பாபு ஒரு மோட்டார் வாங்கினார். உன் அப்பா அதைவிடப் பெரிதாக வாங்கினார். ஆபீசில் ஸ்டெனோவாகக் குனிந்து குனிந்து வேலை பார்த்த மனிதருக்கு அந்த மோட்டாரின் மேல் என்ன பெருமை! மித்ரா வீட்டில் அதையும்விடப் பெரிதாக வந்தது. ஒரு கோடையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் போட்டு, தண்ணீர் தீர்ந்து காற்றை இழுத்து, ஒரே மாதத்துக்குள் மூன்று மோட்டாரும் எரிந்தன. கடைசியில் மூன்று குடும்பமும் தெருக்குழாயில் வாளியோடு வரிசையில் நின்றோம், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

அப்புறம் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்தோம் என்று நினைக்காதே. யாரும் பேசவில்லை. முதலில் புது மோட்டார் போட்டவர் பௌதியின் புருஷர் மித்ரா பாபு. அதுவும் எரிந்துவிடுமோ என்ற பயத்தில் தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பார். பாதி இறங்கியதும் நிறுத்திவிடுவார். பௌதிக்கு எங்களோடு பேச்சு இல்லை, "முடிந்தது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கூப்பிட்டுச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. அதனால் சமையலறைச் சுவரோரம் போகிற இரும்புக் குழாயில் கரண்டியால் மூன்று தட்டு தட்டினாள். நான் எங்கள் புது மோட்டாரைப் போட்டேன், தண்ணீர் ஏறியது. மறுநாள் என் முறை வந்தபோது எனக்கும் வழித்து எடுக்கத்தான் ஆசை. ஆனால் இன்றைக்கு வழித்தால் நாளைக்கு அவள் தட்டமாட்டாளே. சாஹா பாபுவுக்கும் சேர்த்து மிச்சம் வைத்துவிட்டுத் தட்டினேன். இப்படித்தான் வந்தது. அன்பு ஒன்றும் இல்லை, சுந்தர். நாளைக்கும் இதே தொட்டி, இதே முகங்கள், அந்தப் பயம்தான். பத்து வருஷம் கழித்து அன்பு மாதிரி ஒன்றும் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு டைபாயிட் வந்தபோது மூன்று வாரம் என் முறைக்கு மோட்டார் போட்டவள் பௌதிதான்.

அந்த ஏற்பாட்டை முதலில் உடைத்தவள் நான். இதை உன் அப்பா இருந்தவரை அவரிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை. உன் பூணூலுக்கு ஜாம்ஷெட்பூரிலிருந்தும் கரக்பூரிலிருந்தும் முப்பது பேர் வந்து இறங்கியிருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்பதற்கு எனக்குக் கௌரவம். தண்ணீர் வந்த கையோடு மோட்டாரைப் போட்டு முழுத் தொட்டியையும் இழுத்துக்கொண்டேன். தட்டவில்லை. அன்று வாத்தியார் சாஹா பாபு பள்ளிக்கூடத்துக்குக் குளிக்காமல் போனார், தலையில் எண்ணெயோடு. மறுநாள் காலை அவர் முழுத் தொட்டியையும் எடுத்துக்கொண்டார். வந்த விருந்தாளிகளுக்குக் காபி போடத் தண்ணீர் இல்லை. போகட்டும், இனி தினமும் இதுதான் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு மூன்றாம் நாள் சமையலறையில் நிற்கிறேன், குழாயில் மூன்று தட்டு. ஒரே ஒரு நாள்தான் திருப்பிக் கொடுத்தார் மனிதர். அதற்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு நாளும் இல்லாமல் சும்மா விட்டிருந்தால் அடுத்த விசேஷத்துக்கும் நான் அப்படித்தான் செய்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும். அனன்யாவிடம் போன மாதம் இதைச் சொன்னபோது துள்ளிக் குதித்தாள். "பாட்டி! யாரும் யாரையும் நம்பாம எப்படி ஒத்துப்போறதுன்னு எங்க காலேஜ்ல இதையே ரெண்டு மாசம் பாடமா நடத்தினா. நீ கரண்டியால முடிச்சுட்டே!" என்றாள்.

ஆனால் உன்னிடம் நான் சொல்ல வந்த பயம் வேறு. நடுவில் கொஞ்ச காலம் கீழே பின்பக்க அறையில் நாலாவதாக ஒரு பேங்க் ஆபீசர் குடும்பம், தனி மோட்டாரோடு இருந்தது. தங்கமான மனிதர்கள். ஐந்து வருஷம் ஒரு நாள் தவறாமல் தட்டினார்கள். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. வந்த மறுநாளிலிருந்து தட்டுகிற சத்தம் நின்றது. தொட்டியை வழித்தார்கள், குப்பையைப் படியில் வைத்தார்கள், பார்த்தால் சிரிக்கக்கூட இல்லை. இருபது நாளில் மனிதர்களே மாறிவிட்டார்களே என்று நான் மாய்ந்து போனேன். மாறவில்லை. இனிமேல் எங்கள் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். இப்போது இந்தக் கட்டடத்துக்கே டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த மாதிரி இருக்கிறது. அந்த ஆள் வந்து போன மறுநாளிலிருந்து குழாயில் தட்டு இல்லை. இரண்டு தடவை குளிக்கப் போய்க் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. போன செவ்வாய்க்கிழமை நானும் முந்திக்கொண்டு மோட்டாரைப் போட்டுத் தொட்டியை வழித்தேன். அணைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். எழுபத்திநாலு வயசில் ஒரு பக்கெட் தண்ணீருக்காக ஒளிந்து ஒளிந்து மோட்டார் போடுகிறேனே என்று இருந்தது.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. இதை உனக்குப் பழக்கியவளே நான்தான். நம் பேட்டையின் பூஜைப் பந்தலில் அஷ்டமி போக் பிரசாதம் கொடுக்கும்போது, "பெரியவா கைக்கு அடியில நுழைஞ்சு முன்னாடி போய் நில்லுடா, கிச்சடி தீர்ந்துடும்" என்று முதுகில் தட்டி அனுப்புவேன். நீ இரண்டு தொன்னையோடு வருவாய். சமர்த்து என்று எல்லோர் எதிரிலும் கொஞ்சுவேன். ஒரு வருஷம் உனக்குப் பின்னால் நின்ற ஒரு குட்டிப் பெண் வெறும் தொன்னையோடு திரும்பினாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உன் வாயைத் துடைத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். பதினாறு படிதான். பாதியில் நின்றுவிட்டேன். அந்த ஆள் அவளிடம் இன்னும் சொல்லாமல் இருந்தால்? நான் காட்டிக் கொடுத்தால் அவள் இன்றைக்கே போட்டுவிட்டால்? சுந்தர் என்ன சொல்வான்? திரும்பி இரண்டு படி இறங்கினேன். அதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள். அவளும் கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்ன தீதி, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை? முழங்காலா?" என்றாள். பேச்சு நின்ற பிறகும் அக்கா என்கிற அந்தத் தீதி மட்டும் போகவில்லை.

"முழங்கால் இல்லை. இதுதான்" என்று காகிதத்தை நீட்டினேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து வந்தாள். அதே காகிதம். "உனக்கு எந்த வீடு என்றான்?" என்றாள். இரண்டாம் மாடி, தெற்குப் பக்கம் என்றேன். "பால்கனியோடு?" "பால்கனியோடு." அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் அதுதான். எனக்கு ரசகுல்லா கொடுத்தான். உனக்கு?" "சந்தேஷ்." "உனக்குத்தான் மரியாதை அதிகம்" என்றாள். பத்து நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தோம்.

இருவருமாகக் கீழே இறங்கினோம். சாஹா பாபு எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பௌதி அதைப் பிடுங்கி மடித்தாள். "தெற்கு பால்கனி உங்களுக்குமா?" என்றாள். மனிதர் மேஜை டிராயரிலிருந்து தன் காகிதத்தை எடுத்து வைத்தார். அவருடைய காகிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டது, சுந்தர். முழுப் பெயரும், வாத்தியார் கையெழுத்து, குண்டு குண்டாக. மாப்பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான் பாக்கி.

"நீங்கள் இருவரும் போட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்கள் செவ்வாய்க்கிழமை தொட்டியைக் காலி செய்தீர்களே. சரி, தமிழ்க்காரர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள் என்று அன்று மத்தியானம்தான் போட்டேன்."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மித்ரா பௌதியின் தங்கை பெண் அலிப்பூர் கோர்ட்டில் வக்கீல். அன்று சாயங்காலமே வந்து மூன்று காகிதத்தையும் படித்துப் பார்த்தாள். தெற்கு, பால்கனி, இரண்டாம் மாடி எதுவும் அதில் இல்லை. "தகுந்த ஒரு வீடு" என்றுதான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று மட்டும் தெளிவாக இருக்கிறது. ஒரு தளம் காலியானால் உள்ளே இடிக்க ஆரம்பித்துவிடுவார்கள், மற்ற இரண்டு குடும்பமும் தூசியில் தானாகக் கிளம்பும் என்றாள். மூவரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் பேச்சு வேறு. எந்தத் தளம், எத்தனை அறை, கட்டி முடிக்கிற வரை எங்கே குடியிருப்பது என்று எல்லாம் எழுத்தில் வாங்கலாம். எந்த வீடு யாருக்கு என்பதை நாங்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

சாஹா பாபு உடனே தன் காகிதத்தைக் கிழித்துப் போடவில்லை. கிழித்திருந்தால் எனக்கே சந்தேகமாக இருந்திருக்கும். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இதைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வரை. அதற்குள் உங்கள் இரண்டு வீடும் சேர்ந்த கடிதத்தில் முழுசாக வந்துவிட வேண்டும். ஒரு வீடு வராவிட்டாலும் இது மாப்பிள்ளை கைக்குப் போய்விடும். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் வயசாகிவிட்டது" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். செவ்வாய்க்கிழமை நான் செய்ததற்கு இவ்வளவு அவகாசம் கொடுத்ததே பெரிசு.

அவர்களை நம்புகிறாயா என்று கேட்பாய். முழுசாக நம்பவில்லை. பௌதி கையெழுத்துப் போட்ட இன்னொரு காகிதத்தை ஒளித்து வைத்திருக்கிறாளோ என்றுகூட நேற்று நினைத்தேன். அவளும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைப்பாள். இத்தனை வருஷம் நாங்கள் ஒருவரை ஒருவர் முழுசாக நம்பியா தண்ணீர் எடுத்தோம்? மற்றவர் என்ன செய்கிறார் என்று கண்ணுக்குத் தெரிந்தது, மறுநாள் பதில் சொல்ல வழி இருந்தது, அது போதுமாக இருந்தது. சேர்ந்து கடிதம் கொடுத்தால் புதுக் கட்டடத்திலும் இதே மூன்று முகங்கள்தான். நான் மட்டும் தெற்கு பால்கனியில் உட்கார்ந்தால், படியில் இவர்களைப் பார்க்கும்போது நானும் துணி எடுக்கத்தான் ஓட வேண்டும். சீட்டில் எனக்குக் கார் பக்கத்து வீடே விழுந்தாலும் விழலாம். அந்தப் பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. விழுந்தால் வந்து திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

நீ கொண்டுவந்த காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. சேர்ந்த கடிதத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். ஆனால் அது மட்டும் போதாது என்கிறாள் வக்கீல். நாங்கள் மூன்று வீட்டிலும் பெரியவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். எங்களில் ஒருவர் போய்விட்டால் அந்த வீட்டுப் பிள்ளை தனியாகப் போய் பேரம் பேசலாம் இல்லையா? அதனால் ஒவ்வொரு வீட்டிலும் அடுத்து வருகிறவரின் போட்டோ ஒட்டி, அதன் குறுக்கே அவருடைய கையெழுத்து இருக்க வேண்டுமாம். பௌதியின் மகனும் சாஹா பாபுவின் மகளும் நேற்றே வந்து கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். நம் பெயருக்கு எதிரே மட்டும் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. நான் சட்டென்று பீரோவைத் திறந்து உன் போட்டோ ஒன்றைக் கொடுத்தேன், காலேஜ் ஐடி கார்டுக்கு எடுத்தது, அரும்பு மீசையோடு. வக்கீல் பெண் பார்த்துவிட்டு, "பாட்டி, இவர் இன்னும் மைனர் மாதிரி இருக்கார், செல்லாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஐந்தாறு வருஷத்தில் பேரன் பேத்தி போட்டோ அத்தனை வைத்திருக்கிறேன், உன் முகம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

ஒரு புதுப் போட்டோ எடுத்து அனுப்பு சுந்தர். ஸ்டூடியோவில் எடு, போனில் எடுத்தது வேண்டாம். கண்ணாடியைக் கழற்றாதே, முடி கொட்டினது கொட்டினபடியே இருக்கட்டும். இந்தக் கடிதத்தோடு வக்கீல் கொடுத்த தாளையும் வைத்திருக்கிறேன். அதில் ஒட்டி, போட்டோவிலும் தாளிலும் படுகிற மாதிரி குறுக்கே உன் கையெழுத்தைப் போட்டு, திங்கட்கிழமையே ஸ்பீட் போஸ்டில் சேர்த்துவிடு. உனக்கு இதில் இஷ்டமில்லை என்றால் தாளைக் கிழித்துப் போடு, நான் உன்னை ஒன்றும் கேட்கமாட்டேன். அப்போதும் அந்தப் போட்டோவை மட்டும் அனுப்பிவிடு.

உன்
அம்மா